கடை எண்ணின் மேல் ‘ஸ்பேம்’ முத்திரை: சிங்கப்பூர்ச் சிறுவணிகர்கள் அதை அகற்றும் வழி

பலகாரப் பெட்டிகளை எந்த புளோக்கில் இறக்க வேண்டும் என்று கேட்கும் அழைப்பு. பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று பெற்றோருக்குத் தெரிவிக்கும் துணைப்பாட நிலையத்தின் அழைப்பு. குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விடுக்கும் அழைப்பு. இவை வாடிக்கையாளரின் திரையில் சிவப்பு நிறத்தில் ‘ஸ்பேம்’, அதாவது தொல்லை அழைப்பு, என்று தோன்றினால் யாரும் எடுக்கமாட்டார்கள். எடுக்காதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அத்தனை பணத்தை இழந்த ஊரில் அறியாத எண்ணைக் கண்டு மக்கள் தயங்குவது நியாயமே. ஆனால் அந்தத் தயக்கத்தின் சுமை நேர்மையாகத் தொழில் செய்பவரின் தலையிலும் விழுகிறது. அதை இறக்கிவைக்க வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ‘ஸ்பேம்’ முத்திரை குத்தும் தனி அலுவலகம் எதுவும் கிடையாது. ஒரு வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு மளிகைக் கடையும் தனித்தனியே கடன் நோட்டு வைத்திருப்பதைப் போல, ஒவ்வொரு செயலியும் கைப்பேசி தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு நோட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டால் மற்ற நோட்டுகளில் அது தானாக அடிபடாது. பலர் நேராகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்துச் சத்தம் போடுகிறார்கள். அவர்களிடம் அந்த முத்திரையே இருப்பதில்லை. எங்கே குத்தப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முத்திரை எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் ஓர் அழைப்பு சந்தேகத்துக்கு உள்ளாகும் இடங்கள் பல. அழைப்பவர் யார் என்று காட்டும் ட்ரூகாலர், ஹூஸ்கால் போன்ற தனிச் செயலிகள் முதல் இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடையே ட்ரூகாலர் பரவலாக இருப்பதால், நம்மவர் கடைகளுக்கு வரும் புகார்களில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அடுத்து, கைப்பேசியுடனேயே வரும் அழைப்புச் செயலி. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுளின் ஃபோன் செயலி இருக்கிறது. சாம்சுங் கைப்பேசிகளில் உள்ள ஸ்மார்ட் கால் வசதிக்கு ஹையா என்ற நிறுவனம் தகவல் தருகிறது. மூன்றாவது, தேசியக் குற்றத்தடுப்பு மன்றமும் அரசாங்கத்தின் தொழில்நுட்பக் குழுவான ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் அமைப்பும் உருவாக்கிய ஸ்கேம்ஷீல்டு. 2020-இல் ஐபோனுக்கும் 2022-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த இந்தச் செயலி, மோசடிக்குப் பயன்பட்டதாக அடையாளம் காணப்பட்ட எண்களைத் தடுக்கிறது. இவை தவிர, வாடிக்கையாளரே எப்போதோ கோபத்தில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கலாம்.

முத்திரையே இல்லாமலும் சந்தேகம் வரலாம். 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘+’ குறி காட்டப்படுகிறது. உள்ளூர் அழைப்புக்கு அந்தக் குறி வராது. ஆகவே ‘+65’ என்று தொடங்கும் அழைப்பைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கும்படி மக்களுக்குத் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. உங்கள் கடை இணையவழித் தொலைபேசிச் சேவையைப் பயன்படுத்தி, அந்தச் சேவை அழைப்பை வெளிநாட்டு வழியாகச் சுற்றி அனுப்பினால், உங்கள் சிங்கப்பூர் எண்ணும் ‘+65’ உடன் போய்ச் சேரக்கூடும். முதலாளி ஊருக்குப் போயிருக்கும்போது சென்னையிலிருந்து ரோமிங்கில் வாடிக்கையாளரை அழைத்தாலும் இதே கதைதான். இதற்கு எந்தச் செயலியிடம் முறையிட்டும் பயனில்லை. சேவை வழங்குபவரிடம் ‘என் வெளியழைப்புகள் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு இணைப்பு வழியாகத்தான் போகின்றனவா?’ என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இல்லை என்றால் சேவையை மாற்றுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் நாள்களில் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கடையில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

கடை ஊழியர்கள், உறவினர்கள், பக்கத்துக் கடைக்காரர் என்று சிலரிடம் கேட்டு வெவ்வேறு வகைக் கைப்பேசிகளைத் திரட்டுங்கள். ஒரு சாம்சுங், கூகுள் ஃபோன் செயலி உள்ள ஓர் ஆண்ட்ராய்டு, கூடுதல் செயலி எதுவும் இல்லாத ஓர் ஐபோன், ட்ரூகாலர் உள்ள ஒன்று, ஸ்கேம்ஷீல்டு உள்ள ஒன்று என்று இருந்தால் நல்லது. இங்கே ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: அந்தக் கைப்பேசிகளில் உங்கள் கடை எண் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. சேமித்த எண்ணுக்குப் பெயர்தான் தோன்றும், முத்திரை மறைந்துவிடும். ‘என் மனைவியின் போனில் சரியாகத்தான் வருகிறது’ என்று நம்பி ஏமாறுவது இதனால்தான்.

ஒவ்வொன்றுக்கும் அழைத்து, மணி ஒலிக்கும்போதே திரையைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அழைப்புப் பட்டியலையும் படம்பிடியுங்கள். முத்திரையின் அருகே எந்தச் செயலியின் பெயரோ சின்னமோ இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தேதி, நேரம், கைப்பேசி வகை, தோன்றிய வாசகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். புகார் சொன்ன வாடிக்கையாளரிடமும் அதே படத்தைக் கேட்டு வாங்குங்கள்; உண்மையான வாடிக்கையாளர் திரையில் எடுத்த படத்துக்குப் பிற்பாடு மதிப்பு அதிகம்.

ஸ்கேம்ஷீல்டு செயலியில் ஓர் எண்ணை உள்ளிட்டுச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் எண்ணையே அதில் போட்டுப் பாருங்கள். குழப்பமாக இருந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். 2024 முதல் இயங்கும் அந்தச் சேவை இரவு பகல் கிடைக்கிறது.

புகாருக்கு முன்: கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஆதாரம் இல்லாத முறையீடு குப்பைக்குத்தான் போகும். ‘இந்த எண் இன்ன நிறுவனத்துக்குச் சொந்தமானது, அந்த நிறுவனம் உண்மையானது’ என்ற இரண்டையும் நீங்கள் நிறுவ வேண்டும். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்திலிருந்து எடுத்த வணிக விவரப் பதிவு, உங்கள் நிறுவனத்தின் தனி அடையாள எண்ணான யுஇஎன், நிறுவனத்தின் பெயரில் வந்த அண்மைய தொலைபேசிக் கட்டணச் சீட்டு, இந்த எண் வெளியிடப்பட்டிருக்கும் இணையப்பக்கம், நீங்கள் கைப்பேசித் திரையில் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கட்டணச் சீட்டில்தான் நம் சிறுகடைகள் பல இடறுகின்றன. எண் முதலாளியின் சொந்தப் பெயரில் இருக்கும்; சில இடங்களில் மைத்துனர் பெயரில், இன்னும் சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்ட ஊழியரின் பெயரில்கூட இருக்கும். அப்படியென்றால் மற்ற எதையும் தொடங்குவதற்கு முன் அந்த எண்ணை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிம் அட்டைகளைத் தவறாகப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவுகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பிறர் பெயரிலுள்ள சிம்மில் கடை நடத்துவது வசதி என்று நினைப்பவர்கள், அந்த எண்ணில் வில்லங்கம் வந்தால் யார் பதில் சொல்வது என்பதை யோசிக்க வேண்டும். ஊழியருக்கும் அது அநீதி.

இன்னொரு சந்தேகத்தையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் எண்ணிலிருந்து வங்கி அதிகாரி என்று ஒருவர் பேசினார்’ என்று யாராவது உங்களைத் திருப்பி அழைத்தார்களா? நீங்கள் அழைக்கவே இல்லையென்றால், மோசடிக்காரர்கள் உங்கள் எண்ணைப் போலியாகக் காட்டியிருக்கலாம். அப்போது முதல் வேலை காவல்துறையில் புகார் பதிவு செய்வது. அடுத்தது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. அந்தப் புகாரின் நகல் பின்னால் எல்லா இடத்திலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

ஒவ்வொரு வாசலாகத் தட்டுங்கள்

ட்ரூகாலரில் தொடங்குவோம். செயலியில் உங்கள் எண்ணைத் தேடுங்கள். என்ன பெயர் காட்டுகிறது, ஸ்பேம் என்று எத்தனை பேர் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயர் தவறாக இருந்தால் திருத்தம் பரிந்துரைக்கலாம். ‘ஸ்பேம் அல்ல’ என்று குறிக்கலாம். உதவிப் பகுதி வழியாக ஆதாரங்களுடன் எழுதலாம். பட்டியலிலிருந்தே எண்ணை நீக்கும் வசதியும் அவர்களின் இணையத்தளத்தில் உண்டு. பலர் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். கடை எண்ணுக்கு அது சரியான மருந்தா என்று எனக்குப் பலத்த ஐயம் இருக்கிறது. பட்டியலிலிருந்து விலகினால் உங்கள் பெயரும் சேர்ந்து போய்விடும். வெறும் எண்ணாகத் தோன்றும் அழைப்பை இன்றைய சிங்கப்பூரில் எத்தனை பேர் எடுப்பார்கள்? வீட்டு எண்ணுக்கு விலகல் பொருந்தும். கடைக்கு வேண்டியது சரியான பெயர். அழைப்புகளை நம்பியே தொழில் நடக்கிறது, தினமும் பல பேரை அழைக்கிறீர்கள் என்றால், சரிபார்க்கப்பட்ட நிறுவனம் என்ற அடையாளத்தைத் தரும் கட்டணச் சேவையும் அங்கே இருக்கிறது. பத்து இருபது அழைப்புகள் செய்யும் கடைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கூகுள் ஃபோன் செயலியில் முத்திரை தோன்றினால், அழைப்பைப் பெற்றவர் தம் அழைப்புப் பட்டியலில் உங்கள் எண்ணைத் தொட்டு ‘ஸ்பேம் அல்ல’ என்று குறிக்க வேண்டும். உங்களை உண்மையாகவே அறிந்த வாடிக்கையாளர்களிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. இதைவிடப் பலன் தருவது கூகுள் வணிகப் பக்கம். கடைகளின் பெயரைக் கூகுள் எடுத்துக்காட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் வணிகப் பக்கத்தை உரிமை கோரி, அதில் நீங்கள் வெளியே அழைக்கப் பயன்படுத்தும் அதே எண்ணைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பக்கத்தில் தரைவழி எண், வெளியே அழைப்பது கைப்பேசி எண் என்று இருந்தால் இரண்டையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

சாம்சுங் கைப்பேசியில் வரும் முத்திரைக்கு ஹையாவிடம் முறையிட வேண்டும். நிறுவனங்கள் தங்கள் எண்ணைப் பதிவு செய்யவும் தவறான முத்திரையை எதிர்க்கவும் அவர்களின் தளத்தில் வழி இருக்கிறது. ஹூஸ்காலுக்கும் இதே நடைமுறைதான்.

ஸ்கேம்ஷீல்டில் உங்கள் எண் இருந்தால் விஷயம் கனமானது. அந்தப் பட்டியலில் ஓர் எண் சேர்வதற்குப் பின்னால் காவல்துறையின் பங்கு உண்டு. ஒன்று, இந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர் தவறு செய்திருக்கலாம்; இல்லையென்றால் உங்கள் எண் போலியாகப் பயன்பட்டிருக்கலாம். கோப்பு முழுவதையும் இணைத்து ஸ்கேம்ஷீல்டு குழுவுக்கு எழுதுங்கள். எண் எந்த நாளில் உங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்திருந்தால், முன்பு நடந்ததற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்பது ஒரே வரியில் புலப்படும்.

எந்த இடத்துக்கு எழுதினாலும் கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். படிப்பவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறையீடுகளைப் பார்ப்பவர். எளிய ஆங்கிலத்தில் ஆறேழு வரி போதும். எங்கள் நிறுவனத்தின் பெயர் இது, யுஇஎன் எண் இது. இந்தத் தொலைபேசி எண் இன்ன தேதியிலிருந்து எங்களிடம் இருக்கிறது. முன்பதிவு செய்தவர்களுக்கு விநியோக நேரத்தை உறுதிசெய்யவே இதைப் பயன்படுத்துகிறோம். இன்ன தேதியில் இன்ன கைப்பேசியில் இன்ன வாசகம் தோன்றியது, படம் இணைப்பில். முத்திரையை மறுபரிசீலனை செய்து நீக்க வேண்டுகிறோம். இவ்வளவுதான். வரும் பதிவு எண்ணைக் குறித்துவைத்து, பதில் இல்லையென்றால் அதே எண்ணைச் சுட்டி மறுபடியும் எழுதுங்கள். புதிது புதிதாக முறையீடு அனுப்பினால் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

நீக்கிவிட்டதாகப் பதில் வந்த மறுநாளே எல்லாத் திரைகளிலும் மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐபோனில் இத்தகைய செயலிகள் பல, எண் பட்டியலை முன்கூட்டியே கைப்பேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும் வரை பழைய முத்திரை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

‘எல்லா முத்திரைகளையும் நாங்கள் நீக்கித் தருகிறோம்’ என்று மொத்தமாகப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பட்டியல்கள் தனித்தனி நிறுவனங்களின் கையில் இருக்கும்போது, எல்லாவற்றின் சாவியும் ஒருவரிடம் இருக்க வழியில்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கானது என்பதையும் கவனியுங்கள். அங்கே அழைப்பவரின் எண்ணை உறுதிசெய்யும் ஸ்டிர்-ஷேக்கன் முறை, எண்களை ஒரே இடத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு எல்லாம் உண்டு. சிங்கப்பூர் எண்ணுக்கு அவை உதவமாட்டா.

குறுந்தகவல் வேறு கணக்கு

அழைப்பு சரியாகப் போய், கடையின் பெயரில் அனுப்பும் குறுந்தகவலுக்கு மட்டும் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற பொருள்படும் ஆங்கில முத்திரை விழுகிறதா? அதற்குக் காரணம் ஒன்றுதான். 2023 ஜனவரி 31 முதல், எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளால் ஆன பெயரில் குறுந்தகவல் அனுப்பும் எந்த நிறுவனமும் அந்தப் பெயரைக் குறுந்தகவல் அனுப்புநர் பதிவகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்ய யுஇஎன் வேண்டும், கட்டணம் உண்டு, அனுப்பித் தரும் இடைநிலைச் சேவை நிறுவனமும் உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வெளிநாட்டுச் சேவையைப் பிடித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாதத்துக்குச் சில தகவல்கள் மட்டுமே அனுப்பும் கடை, பெயரில் அனுப்புவதை விட்டுவிட்டுத் தன் சொந்த எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப் பிசினஸ் வழியாகவோ அனுப்புவதே புத்திசாலித்தனம்.

முத்திரை திரும்பி வராமலிருக்க

எந்த அழைப்பை ஸ்பேம் என்று கருதுவது என்ற கணக்கைச் செயலி நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. பயனர் புகார்கள், குறுகிய நேரத்தில் குவியும் அழைப்புகள், எடுத்த உடனே துண்டிக்கப்படும் அழைப்புகள், யாரும் எடுக்காத அழைப்புகள் ஆகியவை எடைபோடப்படுகின்றன என்பது மட்டும் தெளிவு. ஆகவே விற்பனை அழைப்புகளுக்கும் சேவை அழைப்புகளுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். சலுகை பற்றிச் சொல்ல இருநூறு பேரை ஒரே பிற்பகலில் அழைத்த எண்ணிலிருந்து மறுநாள் ‘உங்கள் சாப்பாடு வந்துவிட்டது’ என்று அழைத்தால் யார் எடுப்பார்கள்?

விற்பனை அழைப்பு செய்வதானால் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைச் சரிபார்ப்பது சட்டக் கடமை. 2014 ஜனவரியிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் தெளிவான ஒப்புதல் தந்திருந்தாலன்றி, அழைப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை சரிபார்த்த முடிவு 21 நாள்களுக்கே செல்லும். விற்பனை அழைப்பில் உங்கள் எண்ணை மறைப்பதும் கூடாது. இந்த விதியைத் தொல்லையாகப் பார்க்கும் வணிகர்கள் உண்டு. என் பார்வையில் அது உங்களுக்கே காவல். அழைப்பை விரும்பாத ஒருவரை விட்டுவிட்டால், ‘ஸ்பேம்’ என்று குறிக்கும் ஒரு விரலும் குறைகிறது.

அழைப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் கடைப் பெயருடன் ஒரு வரி அனுப்புங்கள்: ‘பத்து நிமிடத்தில் இந்த எண்ணிலிருந்து அழைப்போம்.’ பில்லிலும் பையிலும் எண்ணை அச்சிட்டு, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழைப்பு எடுக்கப்பட்டதும் முதல் வாக்கியத்திலேயே கடைப் பெயரையும் அவருடைய முன்பதிவையும் சொல்லுங்கள். தொலைபேசியில் வங்கி விவரமோ ஒருமுறைக் கடவெண்ணோ ஒருபோதும் கேட்காதீர்கள். ஊழியர்களும் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வாடிக்கையாளர் திருப்பி அழைத்தால் யாராவது எடுக்க வேண்டும். யாரும் எடுக்காத எண்தான் அவருக்கு மோசடி எண்ணாகத் தெரிகிறது. பண்டிகைக் காலம் தொடங்குமுன் கைப்பேசிச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்துவிடுங்கள். தீபாவளி வாரத்தில் கண்டுபிடித்தால் நீக்க நேரம் இருக்காது.

எண்ணை மாற்றிவிடலாமா?

எரிச்சலில் பலர் எடுக்கும் முடிவு இது. முதலில், நிறுவனத்தை மாற்றி எண்ணை அப்படியே கொண்டுபோனால் எதுவும் மாறாது. சிங்டெல்லிலிருந்து ஸ்டார்ஹப்புக்கோ எம்1-க்கோ சிம்பாவுக்கோ போனாலும் முத்திரை எண்ணோடுதான் ஒட்டிக்கொண்டு போகும். புதிய எண் எடுத்தாலும் அது முழுக்கப் புதியது என்று உறுதியில்லை. கைவிடப்பட்ட எண்கள் சிறிது காலத்துக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே ட்ரூகாலரிலும் ஸ்கேம்ஷீல்டிலும் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே யாரோ ஒருவரின் பெயரோ புகாரோ காட்டினால் வேறு எண் கேளுங்கள்.

எல்லா வாசலையும் தட்டியும் பலன் இல்லாமல் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய எண்ணை உடனே ஒப்படைத்துவிடாதீர்கள். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். கூகுள் பக்கம், வாட்ஸ்அப், பெயர்ப்பலகை, வங்கி, பேநவ் என்று பழைய எண் பதிந்திருக்கும் எல்லா இடங்களிலும் மாற்றம் செய்யுங்கள். கைப்பேசி எண் வழியாகப் பணம் பெறும் பேநவ் மட்டும் தவறவே கூடாது. ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கடந்து, பழைய எண்ணுக்கு யாரும் அழைப்பதில்லை என்று பார்த்த பிறகு அதை ரத்து செய்யுங்கள். அதற்குமுன் விட்டுவிட்டால், அந்த எண் வேறொருவர் கைக்குப் போய், உங்கள் வாடிக்கையாளர்கள் உங்களை நம்பி அவரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள்.